கடலைப் பூஞ்சணமும் ஒரு சிறு பிராணியின் ஈரலும்

சுகர் கிளைடர் என்பது அவுஸ்திரேலியாவிலும் நியூகினித் தீவிலும் மரங்களில் வாழும் ஒரு சிறு பிராணி. கங்காருவைப் போல வயிற்றுப் பையிலே குட்டியைப் பேணும் இனத்தைச் சேர்ந்தது. முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே விரியும் தோலின் துணையால் மரம் விட்டு மரம் மிதந்து செல்லும். வளர்ந்த பிராணியின் நிறை ஏறக்குறைய 100 கிராம்; இரண்டு கோழிமுட்டைகளின் நிறைதான். காட்டிலே மரப்பிசினும் பூந்தேனும் மகரந்தமும் பூச்சிகளும் இதற்கு உணவு. அமெரிக்காவில் 1990களிலிருந்து இதனை வீட்டிலே வளர்ப்போர் பலராயினர். அவர்கள் அன்போடு ஊட்டும் கடலைப் பருப்பே இதன் ஈரலை அழிக்கக்கூடும் என்றால் நேயர்கள் வியப்படையலாம்.

கடலை தானாக நஞ்சன்று. அதிலே படரும் பூஞ்சணமே நஞ்சைச் சுரக்கின்றது. இவ்வுண்மை வெளிப்பட்டது வான்கோழிகளால். 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களுள் மடிந்தன. காரணம் புலப்படாமையால் ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்றனர். தொற்றுக் கிருமி எதுவும் அகப்படாதபோது ஆராய்ச்சி தீனியின் பக்கம் திரும்பிற்று. பிறேசில் நாட்டு நிலக்கடலைப் பிண்ணாக்கிலே போய் நின்றது. அதில் அசுப்பெர்கிலசு பிளேவசு என்னும் பூஞ்சணம் வளர்ந்திருந்தது. அப்பெயரின் எழுத்துகளைச் சேர்த்தே நஞ்சுக்கு அஃப்ளாடொக்சின் எனப் பெயரிட்டனர். இதன் வகைகளுள் பி1 என்பதே மிகக் கொடியது.

உண்ட நஞ்சை முறித்து வெளியேற்றுவது ஈரலின் தொழில். இங்கோ அத்தொழிலே வினையாகின்றது. ஈரலிலுள்ள நொதியங்கள் பி1 நஞ்சை மாற்றும்போது, முன்னையதிலும் கொடிய ஒரு பொருள் பிறக்கின்றது. அது கலங்களின் புரதங்களையும் மரபுப் பொருளையும் பற்றிக்கொள்ள, கலங்கள் மடிகின்றன. பித்தநிறம் இரத்தத்தில் தேங்குவதால் மஞ்சட்காமாலை தோன்றும். இரத்தத்தை உறையச் செய்யும் புரதங்கள் குறைவதால் உள்ளே குருதி கசியவும் கூடும்.

அமெரிக்காவில் உணவிலே இந்நஞ்சுக்கு வகுத்த எல்லை நூறு கோடிப் பங்கில் 20 பங்கு. அளவு இத்துணைச் சிறிதாயினும், நஞ்சு மூட்டை முழுவதும் சமமாகப் பரவியிருப்பதில்லை. பெரும்பகுதி ஒரு சில பருப்புகளிலே செறிந்திருக்கும். மனிதன் கைநிறைய உண்ணும்போது அத்தகைய பருப்பு ஒன்று வந்தாலும் மற்றவற்றோடு கலந்துவிடும். 100 கிராம் நிறையுள்ள பிராணிக்கோ அந்த ஒன்றே மிகுதி. வறுத்தால் நஞ்சு ஓரளவு குறையுமேயன்றி அறவே நீங்காது. பூஞ்சணத்தைத் துடைத்துவிடுவதாலும் பயனில்லை. நஞ்சு உள்ளே ஊறியிருக்கும்.

கடலையையும் சோளத்தையும் விலக்கியவர்களும் ஏமாறும் வழி ஒன்றுண்டு. இப்பிராணிக்குச் சுவர்க்கோழிப் பூச்சிகளை உணவாகக் கொடுப்பது வழக்கம். அப்பூச்சிகள் பூஞ்சணம் பிடித்த சோளத்தைத் தின்றிருந்தால் நஞ்சு அவற்றின் வழியாக வந்து சேரும். ஆகவே பூச்சிகளுக்கு இடும் தீனியும் உலர்ந்ததாய், புதியதாய் இருத்தல் வேண்டும்.

சோளம் சேர்ந்த தீனியால் 2005ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் நாய்கள் பல இறந்ததும் இந்நஞ்சினாலேயே. நாய் சோர்ந்தால் வீட்டார் அன்றே காண்பர். சுகர் கிளைடர் பகலெல்லாம் உறங்கி இரவில் உலாவுவது. நோயை மறைக்கும் இயல்பும் உடையது. உணவில் விருப்பமின்மை, சோர்வு, கழிச்சல், வெளுத்த அல்லது மஞ்சள் பாய்ந்த முரசு ஆகியவை தெரியவரும்போது ஈரலின் பெரும்பகுதி கெட்டிருக்கலாம். சிலவேளை முன்னறிகுறி எதுவுமின்றியே இறப்பு நேரும்.

இதற்கென முறிமருந்து இல்லை. ஐயத்துக்குரிய உணவை உடனே நிறுத்தி, நீரிழப்பை ஈடுசெய்து, எஞ்சிய ஈரலுக்குத் துணைசெய்வதே விலங்கு வைத்தியர் ஆற்றக்கூடியது. சில வாரங்களாகப் பிராணி தின்றவை யாவை என்பதை அவருக்குச் சொல்லுதல் வேண்டும். மீந்த தீனியை வீசிவிடாது, உறையோடு கட்டி எடுத்துச் சென்றால் அதனைச் சோதித்தறியவும் இயலும்.