பிரபஞ்ச வீணை

நாம் காணும் பொருள்கள் அனைத்தும் அணுக்களால் ஆனவை என்று பாடநூலில் படித்திருக்கிறோம். அணுவினுள் எலக்ட்ரான்களும் உட்கருவும் உள்ளன. உட்கருவிலுள்ள புரோட்டானும் நியூட்ரானும் குவார்க்குகள் என்னும் துகள்களால் ஆனவை. அப்படியானால் குவார்க்கும் எலக்ட்ரானும் எதனால் ஆனவை? இவ்வினாவுக்கு விடை கூற முயல்வதே ‘சூப்பர் ஸ்டிரிங்’ கொள்கையாகும்.

வீணையின் ஒரே தந்தி, விரல் அழுத்தும் இடத்துக்கேற்ப வெவ்வேறு சுரங்களை எழுப்புகிறதல்லவா? அதுபோலவே, மிக நுண்ணிய இழைகள் அதிரும் விதத்துக்கேற்ப ஒன்று எலக்ட்ரானாகவும் மற்றொன்று குவார்க்காகவும் தோன்றுகின்றன என்கிறது இக்கொள்கை. ஒரு மீட்டரை, ஒன்றுக்குப் பின் 35 சுழியங்கள் இட்ட எண்ணால் வகுத்தால் கிடைப்பதே ஏறத்தாழ இழையின் நீளம் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது!

இக்கொள்கை ஏன் தேவைப்பட்டது? ஐன்ஸ்டீன் 1915-இல் வகுத்த பொதுச் சார்பியல் கொள்கை, ஈர்ப்பு விசையை விளக்குகிறது. குவாண்டம் கொள்கை அணுவின் உலகை விளக்குகிறது. தத்தம் துறையில் இரண்டும் வெற்றி பெற்றவையே. ஆனால் கருந்துளையின் மையம் போன்ற இடங்களுக்காக இரண்டையும் இணைத்துக் கணக்கிட முயன்றால், விடை முடிவிலியாகிப் பொருளற்றுப் போகிறது.

இங்கேதான் இழைக் கொள்கை நம்பிக்கையூட்டியது. ஈர்ப்பு விசையைச் சுமக்கும் துகளுக்குரிய பண்புகள் இழையின் ஓர் அதிர்வில் இருப்பதை 1974-இல் ஷெர்க், ஷ்வார்ஸ் என்னும் விஞ்ஞானிகள் எடுத்துக்காட்டினர். 1984-இல் கிரீனும் ஷ்வார்ஸும், இக்கொள்கையை அச்சுறுத்திய கணித முரண்பாடு ஒன்று நீங்கிவிடுவதை நிறுவினர். அதன்பின் அறிஞர் பலர் இத்துறையை நாடி வந்தனர்.

நீளம், அகலம், உயரம், காலம் ஆகிய நான்குடன் இன்னும் ஆறு சேர்த்துப் பத்துப் பரிமாணங்கள் வேண்டும் என்கிறது இக்கொள்கை. அந்த ஆறும் எங்கே? சுருட்டி வைத்த பாய் தூரத்திலிருந்து ஒரு கோலாகவே தெரியும். அதன் அகலம் சுருளுக்குள் மறைந்திருக்கும். அவ்வாறே அவையும் நம் கண்ணுக்கு எட்டாமல் சுருண்டுள்ளனவாம்.

‘சூப்பர்’ என்னும் அடைமொழி, ஒவ்வொரு வகைத் துகளுக்கும் ஓர் இணைத்துகள் உண்டு என்ற கருத்தைக் குறிக்கும். ஜெனீவா அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவில் அமைந்த துகள் மோது கருவியின் சோதனைகளில், 2012-இல் ஹிக்ஸ் துகள் கண்டறியப்பட்டது. ஆனால் இணைத்துகள் எதுவும் இதுவரை அகப்படவில்லை.

கணிதம் அழகாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. சோதனையில் தேறும் வரை எக்கொள்கையும் கருத்தே; உண்மையென நிலைநாட்டப்பட்டதாகாது. அச்சோதனைக்கு வழி காண்பவர் நம்முள் ஒருத்தியாகவும் இருக்கலாம். ஆகவே தோழியரே, கணக்கைக் கண்டு அஞ்சாது கற்போம்!