உறக்கத்தில் தடைப்படும் மூச்சும் அதற்குரிய காற்றழுத்தக் கருவியும்

உரத்த குறட்டையுடன் உறங்குபவரைக் கண்டு, "எவ்வளவு நிம்மதியான உறக்கம்!" என்று வியப்பது நம்மிடையே உள்ள வழக்கம். ஆனால் அக்குறட்டை திடீரென நின்று, சிறிது நேரம் அமைதி நிலவி, பின்னர் பெரும் திணறலுடன் மூச்சு மீளுமாயின், அங்கே நிகழ்வது நிம்மதியான உறக்கமன்று, மூச்சுக்கான போராட்டமேயாகும். உறங்குபவர் இதனை அறிவதில்லை. அருகில் படுத்திருப்பவரே அறிவார்.

இந்நிலையை மருத்துவர்கள் 'ஸ்லீப் ஆப்னியா', அதாவது உறக்க மூச்சுத்தடை என்பர். உறக்கத்தில் தொண்டையின் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு நாவின் அடிப்பகுதியும் மென்மையான அண்ணமும் பின்னோக்கிச் சரிந்து மூச்சுப்பாதையை அடைத்துவிடுகின்றன. மார்பு மூச்சிழுக்க முயல்கிறது. காற்று உள்ளே செல்வதில்லை. இரத்தத்தில் பிராணவாயு குறையவே, மூளை அரைகுறையாக விழித்துத் தசைகளை இறுக்குகிறது, மூச்சு மீள்கிறது. இவ்வாறு ஓர் இரவில் நூற்றுக்கணக்கான தடவை நிகழ்தலும் உண்டு.

இதன் விளைவு பகலில் தெரியும். காலையில் தலைவலி, வேலையில் மறதி, உட்கார்ந்த இடத்திலேயே உறக்கம், இரத்த அழுத்த உயர்வு ஆகியவை அவற்றுட் சில. ஜீப்பை ஓட்டுபவருக்கு இந்நோய் இருப்பின், ஆபத்து அவருக்கு மட்டுமன்று. உடன் செல்வோருக்கும் உண்டு. இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து, டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தினர் 2023-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வயது வந்தோரில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்கு இந்நோய் உள்ளது.

கருவி செய்யும் வேலை

இந்நோய்க்கு வழங்கப்படும் முக்கியமான சாதனம் 'சீபேப்' எனப்படும் காற்றழுத்தக் கருவியாகும். இது பிராணவாயுவைத் தரும் கருவி என்று பலர் எண்ணுகின்றனர், அது தவறு. அறையிலுள்ள சாதாரணக் காற்றையே ஒரு சிறு விசிறி இழுத்து, வடிகட்டி, குழாய் வழியாகவும் முகமூடி வழியாகவும் இடையறாத அழுத்தத்துடன் செலுத்துகிறது. துவண்டு கிடக்கும் துணிக்குழாய் நீர் பாயும்போது விரிந்து நிற்பதைப் போன்று, இவ்வழுத்தத்தால் தொண்டையும் மூடாமல் திறந்து நிற்கிறது.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்னும் மருத்துவரும் அவருடைய துணைவர்களும் இம்முறையை உருவாக்கினர். ஐந்து நோயாளிகளிடம் கண்ட பலனை 1981-இல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டனர்.

வீட்டுக் கருவிகள் பெரும்பாலும் 4 முதல் 20 செ.மீ. வரையான நீரழுத்தத்தைத் தருவன. இதன் அளவை வகுப்பறையிலேயே காட்டலாம். உயரமான கண்ணாடிப் பாத்திரத்து நீரில் ஓர் உறிஞ்சுகுழலை 10 செ.மீ. ஆழத்திற்கு அமிழ்த்தி, அடிமுனையில் குமிழி எழும்வரை ஊதினால், அதற்கு வேண்டிய அழுத்தமே 10 செ.மீ. நீரழுத்தமாகும். அழுத்தம் சிறிதே, ஆயினும் இரவு முழுதும் இடைவிடாமல் நிலவுவதே அதன் பயன்.

முதலிற் சோதனை, பின்னரே கடை

குறட்டையை மட்டும் கண்டு கருவியை வாங்குதல் கூடாது. உறக்கச் சோதனை முதலில் நடைபெறல் வேண்டும். மூச்சு 10 விநாடியேனும் நின்ற தடவைகளையும், குறைந்து ஓடிய தடவைகளையும் கூட்டி, உறங்கிய மணிகளால் வகுத்துக் கிடைக்கும் எண்ணைக் கொண்டு நோயின் கடுமை அளக்கப்படும். மணிக்கு 5 முதல் 15 வரை இலேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரமானது. 30-க்கு மேற்பட்டது கடுமையானது.

இச்சோதனை மற்றொரு வகையிலும் இன்றியமையாதது. சிலருக்குத் தொண்டை அடைபடுவதில்லை. மூச்சு விடுமாறு மூளையே கட்டளையிடத் தவறுகிறது. அதற்குரிய சிகிச்சை வேறு. சிறுவர்களிடத்தும் நிலைமை வேறே. வகுப்பில் ஓயாது தூங்கி விழும் மாணவன் இரவில் குறட்டை விடுபவனாயின், அவனைச் சோம்பேறி என்று ஒதுக்காமல், தொண்டைச் சதை வீங்கியுள்ளதா என்று மருத்துவரிடம் காட்டச் சொல்வதே ஆசிரியரின் கடமை. அவர்களிற் பெரும்பாலோருக்கு அறுவைச் சிகிச்சையே முதல் வழியாகும்.

மூவகைக் கருவிகள்

முதல் வகை, மருத்துவர் குறித்த ஒரே அழுத்தத்தை இரவு முழுதும் தருவது. இரண்டாம் வகை, மூச்சோட்டத்தை உணர்ந்து, குறித்த எல்லைக்குள் அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைப்பது. படுக்கும் நிலைக்கேற்ப அழுத்தத் தேவை மாறுபவருக்கு இது வசதியானது. மூன்றாம் வகை, உள்மூச்சுக்கு ஓர் அழுத்தமும் வெளிமூச்சுக்கு அதனிலும் குறைந்த அழுத்தமும் தருவது. இதன் விலை மிகுதி. குறிப்பிட்ட நோய்நிலைகளுக்கே தேவை. விலை உயர்ந்தது நோயை விரைவிற் போக்கும் என்று எண்ணி, மருத்துவர் சொல்லாமலே மூன்றாம் வகையை வாங்குவது வீண் செலவாகும்.

எவ்வகையாயினும், அணிந்த மணிநேரம், காற்றுக் கசிவு, எஞ்சிய மூச்சுத்தடைகள் ஆகியவற்றைப் பதிவு செய்யும் வசதி இருத்தல் வேண்டும். அப்பதிவைக் கொண்டே மருத்துவர் சிகிச்சையைச் சீர் செய்வார்.

முகமூடியே முதன்மை

வாங்குவோர் கருவியின் விலையையும் அழகையும் நெடுநேரம் ஆராய்ந்து, முகமூடியை ஒரு நிமிடத்தில் தேர்ந்தெடுக்கின்றனர். உண்மையில் செய்யவேண்டியது இதற்கு நேர்மாறானது. மூக்கை மட்டும் மூடுவது, நாசித் துவாரங்களில் மெல்லப் பொருந்துவது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது என முகமூடிகள் மூவகை. மூக்கடைப்போ வாயால் மூச்சு விடும் வழக்கமோ உடையவர்க்கு மூன்றாம் வகை தேவைப்படலாம். அடர்ந்த மீசையும் தாடியும் உள்ளவர்க்குக் காற்றுக் கசிவு மிகுதியாகலாம். ஆகவே கடையில் நின்றவாறே அணிந்து பார்த்தல் போதாது. படுத்து, கருவியை இயக்கி, இருபுறமும் புரண்டு, கால் மணி நேரமேனும் சோதித்தல் வேண்டும். வார்களை மிக இறுக்கினாலன்றிக் கசிவு நிற்கவில்லையெனில், அளவு பொருந்தவில்லை என்பது பொருள்.

முகமூடியிலுள்ள சிறு துளைகளைப் பழுது என எண்ணி அடைத்துவிடல் ஆகாது. வெளிமூச்சின் கரியமிலவாயு வெளியேறுவதற்கென்றே அவை அமைக்கப்பட்டுள்ளன.

இயலுமாயின் இரண்டு வாரமேனும் வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்திய பின்னரே விலைக்கு வாங்குக. அணியாத கருவியால் பயனில்லை. இருதய நோயோ மூளை இரத்தக்குழாய் நோயோ முன்பே உடைய 2,717 பேரைக் கொண்டு, இந்தியா உள்ளிட்ட 7 நாடுகளில் நடந்த பேராய்வு ஒன்று 2016-இல் வெளியாயிற்று. கருவி பெற்றோருக்குப் பகலுறக்கம் குறைந்தது, மனநிலையும் சீரடைந்தது. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம் முதலியன குறைந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரமே கருவியை அணிந்திருந்தனர் என்பது இங்குக் கருதத்தக்கது.

ஈரம், மின்சாரம், உயரம்

இடையறாத காற்றோட்டம் மூக்கையும் தொண்டையையும் உலர்த்தும். அதற்கென ஈரமூட்டும் நீர்த்தொட்டி உண்டு. காய்ச்சி வடித்த நீரையே அதில் ஊற்றி, நாள்தோறும் மாற்றுதல் வேண்டும். முகமூடியின் மெத்தையை நாள்தோறும், குழாயை வாரந்தோறும் மென்மையான சோப்பு நீரிற் கழுவி நிழலில் உலர்த்துக. புழுதி மிக்க இடங்களில் வடிகட்டியை அடிக்கடி மாற்ற நேரும்.

முகாம்களில் தங்கும் களப்பணியாளர், மின்சாரம் நின்றால் என் செய்வது என்பதை வாங்கும்போதே எண்ணுதல் நலம். 12 வோல்ட் பாட்டரியில் இயங்குமா, அதற்குரிய இணைப்புச் சாதனம் கிடைக்குமா எனக் கேட்டறிக. நீரைச் சூடேற்றும் பகுதியே மின்சாரத்தை மிகுதியாக உண்ணும். பாட்டரியில் இயக்கும்போது அதனை நிறுத்தி வைத்தால், பாட்டரி நெடுநேரம் தாங்கும். மலைப்பகுதியிற் பணியாற்றுவோர், கருவி எவ்வளவு உயரம் வரை தன் அழுத்தத்தைச் சரிசெய்து கொள்ளும் என்பதைக் கையேட்டிற் காண்க. பல கருவிகளுக்கு இவ்வெல்லை 2,500 மீட்டரை ஒட்டியது; லே நகரமோ ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அத்தகைய உயரங்களில் மூச்சின் ஒழுங்கே மாறக்கூடுமாதலால், செல்லுமுன் மருத்துவரைக் கலந்து கொள்ளல் வேண்டும்.

பழைய கருவிகளும் உரிமமும்

பிறர் உபயோகித்த கருவி குறைந்த விலைக்குக் கிடைக்கலாம். ஆனால் 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம், இரைச்சலைக் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பொருள் சிதைந்து, அதன் துகள்கள் மூச்சுடன் உட்செல்லக் கூடும் என்பதால், இலட்சக்கணக்கான கருவிகளை உலகெங்கும் திரும்பப் பெறத் தொடங்கியது. ஆகவே வரிசை எண்ணைச் சரிபார்க்காமல் எந்தப் பழைய கருவியையும் ஏற்றல் ஆகாது. முகமூடியும் குழாயும் புதியனவாகவே இருத்தல் வேண்டும். முன்னவருக்கென அமைத்த அழுத்தமும் மருத்துவர் சீட்டின்படி மாற்றப்படல் வேண்டும்.

இந்தியாவில் இத்தகைய சாதனங்கள் 2017-ஆம் ஆண்டின் மருத்துவச் சாதன விதிகளுக்கு உட்பட்டவை. உற்பத்தி அல்லது இறக்குமதி உரிம எண் பெட்டியின்மீது உள்ளதா என நோக்குக. உத்தரவாதக் காலம், பழுது பார்க்கும் இடம், வடிகட்டியும் முகமூடியும் உள்ளூரிற் கிடைக்குமா என்னும் மூன்றையும் எழுத்து மூலம் பெறுக. மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தின் பயனாளிகள், செலவைத் திரும்பப் பெற விரும்பின், வாங்குமுன்னரே அனுமதி பெறுதல் வேண்டும். வாங்கிய பின் விண்ணப்பித்து ஏமாறுதல் வேண்டா.

முடிவாக ஒன்று கூறலாம். சோதனை, மருத்துவர் சீட்டு, முகமூடி, சில வாரப் பயிற்சி, அதன் பின்னரே விலை — இவ்வரிசை மாறலாகாது. கட்டிலின் அடியிற் புழுதி படியும் கருவி எத்துணை உயர்ந்ததாயினும் வீணே. எளிய கருவியாயினும் ஒவ்வோர் இரவும் முகத்தில் பொருந்தி நிற்பதே, பொழுது புலரும்போது தெளிந்த கண்ணையும் தெளிந்த அறிவையும் தரவல்லது. தம் ஊரில் உரத்த குறட்டையும் பகலுறக்கமும் உடையவரைக் காணும் களப்பணியாளரும் ஆசிரியரும், நகையாடுவதை விடுத்து, உறக்கச் சோதனைக்கு அவரை வழிப்படுத்துவார்களாக.