இனிப்பைப் பிரிக்க எவ்வளவு தண்ணி?

கம்பம் பன்னீர் திராட்சை, 2023-ல புவிசார் குறியீடு வாங்கின பழம். அதோட இனிப்பு பெரும்பாலும் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்ற இரண்டு சர்க்கரைகள்தான். ரெண்டுக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒண்ணே. அப்போ எப்படிப் பிரிக்கிறது?

மக்காச்சோளச் சிரப் ஆலைகள் இதே ஜோடியைத்தான் பிரிக்கின்றன. கால்சியம் ஏற்றிய ரெசின் மணிகள் நிரம்பிய தூண்களில் கரைசலை விடுவார்கள். கால்சியம் ஃப்ரக்டோஸை இறுகப் பிடிக்கும். குளுக்கோஸ் முந்தி ஓடிடும்.

தூண்களை வளையமாக இணைத்து, ரெசினே எதிர்த்திசையில் நகர்வது போல வால்வுகளை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். இறங்குற எஸ்கலேட்டர்ல மேலே ஏறுற மாதிரி நினைச்சுக்கோங்க: வேகமான குளுக்கோஸ் மேலே போயிடும், மெதுவான ஃப்ரக்டோஸ் கீழே வந்துடும். நடுவுல புதுக் கரைசலை நிறுத்தாம ஊத்தலாம்.

சிக்கல் தண்ணிதான். ஒட்டின சர்க்கரையைக் கழுவ தண்ணி வேணும். அப்புறம் அதை ஆவியாக்க எரிபொருளும் வேணும். வழக்கமா எல்லாத் தூணும் சுமார் 60 டிகிரி செல்சியஸ்லயே இருக்கும். அதுக்குப் பதிலா, கழுவுற தூணில் சூட்டைக் கூட்டினா பிடி தளரும். குளுக்கோஸைத் தடுத்து, வெறும் தண்ணியைத் திரும்ப அனுப்புற தூணில் குறைச்சா பிடி இறுகும். தண்ணிச் செலவு குறையும்.

ஆனா வால்வு மாறும்போதெல்லாம் சூடும் கூடவே மாறணும். தூண் சூடாக நேரமெடுக்கும். சூடு மிஞ்சினா சர்க்கரை பழுப்பாகிடும்.

கம்பம் பள்ளத்தாக்கு முல்லைப் பெரியாற்றை நம்பியிருக்கிற ஊர். அங்க இப்படி ஓர் ஆலை வந்தா நான் கேக்குற முதல் கேள்வி: ஒரு கிலோ சர்க்கரைக்கு எத்தனை லிட்டர்?