சுண்ணாம்புத் தண்ணீரும் குரோம் தண்ணீரும்

நெமிலி நெல் விளையும் ஊர். தோலுக்குப் பேர் போன ஊர்கள் எல்லாம் மேற்கே இருக்கின்றன. ஆனால் தண்ணீர் போகும் வழியைப் பார்த்தால் நெமிலிக்கும் அந்த ஊர்களுக்கும் தொடர்பு உண்டு. பாலாற்றில் வெள்ளம் வரும் ஆண்டுகளில் வாலாஜா அருகே உள்ள அணைக்கட்டு அந்தத் தண்ணீரைக் காவேரிப்பாக்கம் ஏரிக்குத் திருப்பிவிடுகிறது. ஏரி நிரம்பி வழிவது கொசஸ்தலை ஆறாகி, நெமிலிப் பக்கம் ஓடி, பூண்டி நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, சென்னைக்குக் குடிநீராகிறது. அந்த அணைக்கட்டுக்கு மேலேதான் வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோல் தொழில் வரிசை கட்டி நிற்கிறது.

தோல் ஷாப் கழிவில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பட்டியல் உடனே வரும். உப்பு, சுண்ணாம்பு, சல்ஃபைடு, குரோமியம், அமோனியா, அமிலம், சாயம், கொழுப்பு. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க தண்ணீர் சுமார் 35 லிட்டர் வேண்டும் என்றும், குரோம் முறையில் 170 வகை ரசாயனங்கள் வரை பயன்படுகின்றன என்றும் 1996-இல் உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் பதிவு செய்தது. இந்தப் பட்டியலில் எனக்கு ஒரு குறை உண்டு. ஒவ்வொரு பெயரும் தனித்தனியாக நிற்கிறது. கிணற்றிலும் வயலிலும் சுத்திகரிப்புத் தொட்டியிலும் அவை தனித்தனியாக இருப்பதில்லை. கலந்த பிறகு அவை வேறு மாதிரி நடந்துகொள்கின்றன.

இரண்டே இரண்டு தண்ணீரை எடுத்துக்கொள்வோம். முடி நீக்குவதற்காகத் தோலைச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் கரைத்த தொட்டியில் ஊறப்போடுவார்கள். அந்தத் தண்ணீர் கடும் காரம். காரமாக இருக்கும்வரை சல்ஃபைடு தண்ணீரிலேயே அடங்கிக் கிடக்கும். அடுத்த கட்டத்தில் தோலை உப்பும் அமிலமும் சேர்ந்த நீரில் பக்குவப்படுத்தி, மர டிரம்மில் குரோம் ஏற்றுவார்கள். டிரம்மைத் திறந்தால் தோல் இளநீலமாக, ஈரம் சொட்டச் சொட்ட வெளியே வரும். அதனால்தான் அதற்கு ‘வெட் ப்ளூ’ என்று பெயர். டிரம்மில் மீதமாகும் பச்சை நீலத் தண்ணீர் அமிலம்.

இந்த இரண்டும் ஒரே வாய்க்காலில், ஒரே மூடிய தொட்டியில் சேர்ந்தால் அமிலம் காரத்தை முறிக்கும். அடங்கிக் கிடந்த சல்ஃபைடு ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாகக் கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் என்று நாம் சொல்வது இதன் சிறு அளவைத்தான். அளவு கூடினால் முதலில் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டதே என்று தொட்டிக்குள் இறங்கும் தொழிலாளி ஏறி வருவதில்லை. அவரைத் தூக்கக் குதிப்பவரும் வருவதில்லை. கழிவுத் தொட்டி மரணங்களைப் பற்றிய செய்திகள் ‘விஷவாயு தாக்கி’ என்ற இரண்டே சொற்களில் முடிந்துவிடுவதற்குப் பின்னால் இப்படியொரு வேதியியல் இருக்கிறது. தனித்தனியாக இருந்தபோது அந்த வாயு எந்தத் தண்ணீரிலிருந்தும் கிளம்பவில்லை.

குரோமியத்தின் கதை இன்னும் நுட்பமானது. அதற்கு இரண்டு முகங்கள். தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிற குரோமியம். மண்ணில் எளிதாகப் படிந்துவிடும், நச்சும் குறைவு. ஆறு இணைதிற குரோமியம் மஞ்சள் நிறம் கொண்டது, தண்ணீரோடு தடையில்லாமல் ஓடும், உயிரணுக்குள் நுழையும், சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்பது உறுதியான ஒன்று. ஒன்று மற்றொன்றாக மாறுமா என்பது பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் மூன்று ஆறாகலாம். மட்கிய இலை தழையும் இரும்பும் இருந்தால் ஆறு மூன்றாகத் திரும்பும். கடுக்காய், ஆவாரம் பட்டை போன்றவற்றின் துவர்ப்புப் பொருள்களும் சில கரிம அமிலங்களும் குரோமியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, படிய வேண்டியதைப் படியவிடாமல் தண்ணீரிலேயே மிதக்கவைக்கும். குரோம் சேற்றை எரித்தால் சாம்பலில் ஆறு இணைதிற வகை பிறக்கக்கூடும். ஆகவே, குரோமியம் எவ்வளவு என்ற கேள்விக்கு வரும் எண் பாதி விடைதான்.

விதிகளோ பெரும்பாலும் ஒவ்வொரு பொருளாகத்தான் பேசுகின்றன. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். கரைந்த திடப்பொருள், அதாவது டிடிஎஸ், 500-க்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை. ஆலைக் கழிவுநீருக்கு மொத்தக் குரோமியம் 2 மில்லிகிராம், டிடிஎஸ் 2,100. ஒரே உறுப்பைத் தாக்கும் மூன்று பொருள்கள் ஒரு தண்ணீரில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் அதனதன் வரம்பில் 60 விழுக்காடுதான் என்றால் மூன்று அறிக்கையிலும் ‘தேர்ச்சி’ என்று வரும். உடல் அப்படிப் பார்ப்பதில்லை. அதற்கு மூன்றும் சேர்ந்து வரம்பைப் போல் 1.8 மடங்கு. 2002-இல் லண்டனில் ஆந்த்ரியாஸ் கார்ட்டன்காம்ப் குழுவினர் பெண் ஹார்மோனைப் போல் வேலை செய்யும் எட்டு ரசாயனங்களை, தனியாக எந்த விளைவும் தெரியாத அளவுகளில் எடுத்து ஒன்றாகக் கலந்து பார்த்தார்கள். கலவை தெளிவான விளைவைக் காட்டியது.

எப்போதும் கூட்டல்தான் நடக்கும் என்றில்லை. ஆறு இணைதிற குரோமியம் உயிரணுக்குள் நுழைவது சல்ஃபேட் போகும் வாசல் வழியாகத்தான். தண்ணீரில் சல்ஃபேட் மிகுந்தால் இரண்டும் முட்டி மோதி, குரோமியம் உள்ளே போவது குறையும். நல்ல சேதி என்று நினைக்க வேண்டாம். அந்தச் சல்ஃபேட்டும் சோடியமும் வயலில் வேறு வேலை செய்கின்றன. களிமண்ணில் கால்சியம் உட்கார்ந்திருந்த இடத்தைச் சோடியம் பிடித்துக்கொள்ளும், மண் இறுகும், மழை பெய்தாலும் தண்ணீர் இறங்காது, நிலத்தின் மேல் வெள்ளை பூக்கும். தோல் ஆலைப் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதை அதே 1996 தீர்ப்பு குறிப்பிட்டது.

ஒவ்வொரு பொருளாகப் பார்க்கும் விதிகளின் குறையை ஒரு பரிசோதனை நிவர்த்தி செய்கிறது. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. சுத்திகரித்த கழிவுநீரை எதுவும் சேர்க்காமல் ஒரு தொட்டியில் நிரப்பி, அதில் மீன்களை விட்டு, 96 மணி நேரம் கழித்து எண்ண வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு பிழைத்திருக்க வேண்டும் என்பது நம் சுற்றுச்சூழல் விதிகளிலேயே உள்ள வரம்பு. மீனுக்குப் பட்டியல் தெரியாது. தண்ணீர் முழுவதையும் அது ஒரே மூச்சில் சோதித்துவிடுகிறது.

சுத்திகரிப்பிலும் கலவைதான் சிக்கல். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் நுண்ணுயிரிகள்தான் உழைக்கின்றன. உப்பு கூடினால் அவை துவளும். துவர்ப்புப் பொருளை அவற்றால் எளிதில் தின்ன முடியாது. அவை எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் உப்பு அப்படியே வெளியேறும். அதனால் ‘துளிக் கழிவும் வெளியேறாத’ முறை வந்தது. எதிர்ச் சவ்வூடு பரவலில் நல்ல தண்ணீரைப் பிரித்து, மிச்சத்தைக் கொதிக்கவைத்து வற்றவைப்பது. தொட்டியின் அடியில் கடைசியாக நிற்பது சோடியம் குளோரைடும் சல்ஃபேட்டும் பிற மிச்சங்களும் பின்னிக் கிடக்கும் கலவை உப்பு. தனி உப்பாக இருந்தால் வாங்க ஆள் உண்டு. கலவையை மூட்டை கட்டி, மழை படாமல் கொட்டகையில் அடுக்கிக் காவல் காக்க வேண்டியிருக்கிறது. சேறும் அப்படித்தான். குரோம் கலக்காதிருந்தால் அதை எருவாக்க வழி தேடலாம். கலந்ததால் அபாயக் கழிவு. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் இப்படிச் சேறு தேக்கியிருந்த தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்தச் சேற்றைப் பாதுகாப்பான இடத்துக்கு நேரத்தில் அப்புறப்படுத்தியிருந்தால் அவர்கள் இன்று உயிரோடு இருந்திருக்கக்கூடும்.

கலப்பதற்கு முன்பே பிரிப்பதுதான் மலிவு. டிரம்மில் போடும் குரோமியத்தில் 60 முதல் 70 விழுக்காட்டைத்தான் தோல் பிடித்துக்கொள்கிறது. மீதியுள்ள குரோம் தண்ணீரைத் தனி வாய்க்காலில் பிடித்தால், மக்னீசியம் ஆக்சைடு சேர்த்துக் குரோமியத்தைப் படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து, திரும்ப டிரம்மிலேயே ஊற்றலாம். சென்னையில் 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் குரோம் மீட்பையும், தண்ணீரே இல்லாமல் குரோம் ஏற்றும் முறையையும் வளர்த்தெடுத்திருக்கிறது. இதைவிட எளிய வேலை வாசலிலேயே நடக்கலாம். பச்சைத் தோல் கெடாமலிருக்க அதன் எடையில் பாதியளவுக்குக்கூட உப்பு போட்டு அனுப்புகிறார்கள். ஊறப்போடுமுன் கம்பிச் சட்டத்தின்மேல் விரித்து உதறினால், கல் உப்பு பொலபொலவென்று கொட்டும். கொட்டியதை அள்ளிவிடலாம். கரைந்துவிட்டால் அதே உப்பைப் பிரிக்க மின்சாரமும் விறகும் கோடிக்கணக்கில் செலவாகின்றன.

பிரிக்காமல் விட்டதற்கு ராணிப்பேட்டையில் ஒரு குன்றே சாட்சி நிற்கிறது. தோல் ஆலைகளுக்கான குரோமிய உப்புகளைத் தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1995-இல் மூடப்பட்டது. இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவை அது தன் வளாகத்திலேயே கொட்டிவிட்டுப் போனது. மழைக்காலத்தில் அங்கிருந்து மஞ்சள் தண்ணீர் கசிகிறது. 2006-இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களில் ஒன்றாக ராணிப்பேட்டையைச் சேர்த்ததற்கு இதுவே காரணம். இரும்பு சல்ஃபேட் போன்றவற்றால் ஆறு இணைதிற குரோமியத்தை மூன்றாக்கிப் படியவைக்கும் வேதியியல் பல காலமாகத் தெரிந்ததுதான். ஆலை மூடி முப்பது ஆண்டு கடந்துவிட்டது.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் பாலாற்றைப் பற்றித் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு, மாசு செய்தவர்களிடமிருந்து வசூல், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் தணிக்கைக் குழு என்று உத்தரவிட்டு, வழக்கைத் தொடர்ந்து கண்காணிப்பதாகவும் சொன்னது. அந்தக் குழு வரும்போது நம் ஊராட்சிகள் மூன்று கேள்விகளைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம். எந்தெந்த ஆலையில் குரோம் தண்ணீருக்குத் தனி வாய்க்கால் இருக்கிறது? கொட்டகைகளில் கலவை உப்பு எத்தனை டன் அடுக்கியிருக்கிறது, அது எங்கே போகப்போகிறது? கடைசியாக எப்போது தொட்டியில் மீன் விட்டுப் பார்த்தீர்கள், எத்தனை பிழைத்தன?