பாட்டிக்குப் புரியும்படி புதுநீர்

என்னிடம் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் படித்த மாணவி ஒருவர் இப்போது பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கிறார். மே முதல் ஜூலை வரை விடுமுறையில், நீர்ச் சுத்திகரிப்பு ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்தார். “டீச்சர், அங்க என்ன செய்றேன்னு பாட்டி கேட்டாங்க. தமிழ்ல சொல்ல வரல. ‘தண்ணி டெஸ்ட் பண்றேன்’னு முடிச்சுட்டேன்” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான்காண்டு தமிழ் சொல்லிக்கொடுத்தது நான்தானே? இருவரும் உட்கார்ந்து, பாட்டிக்கான விளக்கத்தைத் தயாரித்தோம். உங்கள் வகுப்புக்கும் பயன்படலாம்.

சிங்கப்பூரில் 2003 முதல் புதுநீர் விநியோகிக்கப்படுகிறது. பயன்படுத்திய நீரை வழக்கப்படி சுத்திகரித்த பிறகு மேலும் மூன்று படிகள் உண்டு. முதலில் நுண்வடிகட்டல்: மிக நுண்ணிய துளைகள் கொண்ட சவ்வு, துகள்களையும் பாக்டீரியாவையும் தடுக்கிறது. அடுத்து எதிர்ச் சவ்வூடு பரவல்: அழுத்தம் கொடுத்து, கரைந்த உப்பையும் பிரிக்கிறார்கள். கடைசியாகப் புற ஊதா ஒளி, மிஞ்சிய கிருமிகளைச் செயலிழக்கச் செய்கிறது.

மாணவியின் ஆய்வு முதல் படியைப் பற்றியது. தேநீர் வடிகட்டியில் தூள் சேரச் சேர, தேநீர் மெதுவாக இறங்கும், பார்த்திருப்பீங்க. சவ்விலும் அதே அடைப்புதான். அடைத்த சவ்வில் நீரைத் தள்ள அதிக அழுத்தம் வேண்டும், மின்சாரமும் கூடும்.

ஆய்வுக்கூடத்தில், கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டைத் தண்ணீரில் கலந்து, வேண்டுமென்றே சவ்வை அடைக்கவைப்பார்கள். வடிந்த நீரை எடைபோட்டு, ஒரு சதுர மீட்டர் சவ்வில் மணிக்கு எத்தனை லிட்டர் இறங்குகிறது என்று கணக்கிடுவார்கள். பிறகு நீரை எதிர்த்திசையில் செலுத்திக் கழுவி, மறுபடியும் அளப்பார்கள். பழைய வேகம் திரும்பினால் அழுக்கு மேலோட்டமானது. திரும்பாவிட்டால் சவ்வோடு ஒட்டிவிட்டது. இரசாயனம் போட்டுக் கழுவ வேண்டும்.

இரண்டு வாரம் அவருக்கு எண்கள் சரியாகவே வரவில்லை. காரணம், குழாய் இணைப்பில் சின்னக் கசிவு! எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார். “அதுலதான் டீச்சர் அதிகம் கத்துக்கிட்டேன்” என்றார்.

எல்லாம் கேட்ட பாட்டி சொன்னாராம்: “அப்போ நீ வடிகட்டி கழுவுற வேலை பாக்குற!” முக்கால்வாசி சரிதானே?

வாய்மொழிப் பயிற்சிக்கு இதை முயன்று பாருங்கள். வடிகட்டி, சவ்வு, அடைப்பு, அழுத்தம், கசிவு ஆகிய ஐந்து சொற்களைக் கொடுங்கள். ஒரு நிமிடத்தில், வீட்டிலுள்ள பெரியவருக்குப் புதுநீரை விளக்கச் சொல்லுங்கள். புரிந்ததா என்று மதிப்பிட வேண்டியவர் நாமல்ல, அந்தப் பெரியவர்தான்.