மருந்து தெளிப்போர்க்குக் கூலி அளிக்கும் முறை

பயிருக்குப் பூச்சிமருந்து தெளிக்கும் வேலைக்கு வரப் பெரிய முதலோ நெடுநாள் பயிற்சியோ தேவைப்படுவதில்லை. தெளிப்பானை முதுகில் சுமக்க வலுவுள்ள எவரும் வந்துவிடலாம். ஆகவே ஆள் கிடைப்பது எளிது. நல்ல ஆளைத் தெரிந்தெடுத்து நிலைநிறுத்திக் கொள்வதே அரிது. நாம் கூலியைக் கணக்கிடும் முறையே இதற்குப் பெரும்பாலும் காரணமாகும்.

பல ஊர்களில் ‘டேங்குக்கு இவ்வளவு’ என்று பேசும் வழக்கம் உள்ளது. கைத்தெளிப்பானுக்கு ஏக்கர் ஒன்றுக்கு 200 லிட்டர் கரைசல் என்பது பொதுவான பரிந்துரை. 16 லிட்டர் டேங்கானால் 12 அல்லது 13 டேங்குகள் ஆகும். டேங்குக் கணக்கில் கூலி பெறுபவர் அதனை விரைவில் காலி செய்யவே முனைவார். நாசில் துளையைப் பெரிதாக்கினால் கரைசல் விரைந்து இறங்கும்; ஆனால் துளிகள் பருத்து, இலையில் தங்காமல் மண்ணில் வழிந்துவிடும். நெற்பயிரின் தூரில் ஒதுங்கியிருக்கும் புகையானோ சுகமாகவே இருக்கும்! ஏக்கர் கணக்காகப் பேசினாலும் குறை நீங்குவதில்லை. 12 டேங்கு தெளிக்க வேண்டியவர் மருந்தைக் கூடுதலாகக் கரைத்து 8 டேங்கில் முடித்துக்கொள்ள இடமுண்டு. அவரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. பேசிய பேச்சு அப்படி.

எனவே ஒரு காலைப்பொழுதுக்கு இவ்வளவு என்று கூலி பேசி, எத்தனை டேங்கு என்பதை இருவரும் கலந்து முன்னரே முடிவு செய்துகொள்ளுதல் நலம். காற்று வலுத்ததும் வேலையை நிறுத்துபவர்க்கு அன்றைய கூலியைக் குறைத்தலாகாது. குறைத்தால் மறுமுறை அவர் காற்றிலும் தெளிப்பார். நஞ்சு அவர் முகத்திலேயே படியும். 2017ஆம் ஆண்டில் மராட்டிய மாநிலத்து யவத்மால் மாவட்டத்தில் மருந்து தெளித்தவர்களுள் ஏறத்தாழ 20 பேர் நஞ்சேறி மாண்டனர்; நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

நல்ல ஆளை அறிவது கடினமன்று. கரைக்குமுன் மருந்துப் புட்டியிலுள்ள முக்கோணத்தின் நிறத்தைப் பார்ப்பவர், அடைத்துக்கொண்ட நாசிலை வாயால் ஊதாதவர், வேலை முடிந்ததும் தெளிப்பானை வாய்க்காலில் கழுவாதவர் ஆகியோரை நம்பலாம். அத்தகையவர்க்கு ஊர் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே தந்து, பருவம் முழுவதற்கும் பேசிக்கொள்ள வேண்டும். அறுவடைக்குப் பின் தருகிறோம் என்று தவணை சொல்லாமல் அன்றன்றே கொடுத்துவிடுவது உத்தமம்.

கையுறை, முகமூடி, சோப்பு ஆகியவற்றைக் கூலியில் பிடித்தம் செய்யாமல் வயலுக்குரியவரே அளிக்கக் கடமைப்பட்டவர். சிறு விவசாயிகளால் இயலாதவிடத்து, ஊராட்சி மன்றத்தார் முன்னின்று சிலரைச் சேர்த்துப் பொதுவில் வாங்கச் செய்யலாம். மருந்து வாங்கும் அன்றே இவற்றையும் வாங்கி வைத்துவிட வேண்டும்.