அதிரும் காகிதம், கொதிக்கும் செம்பு

8 அங்குல ஊஃபர் ஸ்பீக்கர் ஒன்று நொடிக்கு 50 அதிர்வு கொண்ட தாழ்ந்த ஒலியை உரக்க வாசிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் காகிதக் கோன் முன்னே 5 மில்லிமீட்டர், பின்னே 5 மில்லிமீட்டர் போய் வருகிறது. பார்வைக்கு லேசான நடுக்கம்தான். கணக்குப் போட்டால் கதை வேறு. ஓட்டத்தின் இரு கோடியிலும் அந்தக் காகிதம் சந்திக்கும் முடுக்கம் புவியீர்ப்பைப்போல 50 மடங்கு. பயிற்சி பெற்ற போர் விமானி, அதற்கென்று தைத்த உடையோடு, 9 மடங்கைத் தாங்குவதே பெரிய காரியம். ஒரு மணி நேரப் பாட்டில் கோன் இப்படி 1,80,000 முறை போய் வருகிறது. கோனையும் அதை இழுத்தடிக்கும் கம்பிச் சுருளான காயிலையும் பிணைத்திருப்பது வளையமாகப் பூசிய ஒரு வரிப் பசை.

இவ்வளவு அடி வாங்கும் பொருள் எத்தனை நாள் உழைக்கும், எவ்வளவு சுத்தமாகப் பாடும் என்று கடையில் இரண்டு கேள்வி கேட்போம். ஸ்பீக்கர் செய்பவர்களுக்கு அவை பெரும்பாலும் ஒரே கேள்விதான். காயிலை ஒருநாள் கருக்கப்போகும் சூடு, கருக்குவதற்கு முன்பே பாட்டை அமுக்கத் தொடங்கிவிடுகிறது. கோனைக் கடைசியில் கிழிக்கும் நெளிவு, அதுவரை குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டே இருக்கிறது. ஒரே ஓர் உறுப்பில் மட்டும் இந்தக் கணக்கு உதைக்கும்; அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இன்றைய ஸ்பீக்கரின் அடிப்படை, அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் 1925இல் வெளியிட்ட வடிவம்தான். காந்தத்தின் நடுவே வட்டமான ஓர் இடுக்கு. அதற்குள் எதையும் தொடாமல் நிற்கும் செம்புக் கம்பிச் சுருள்தான் காயில். மின்னோட்டம் மாற மாறக் காந்தப்புலம் காயிலை முன்னும் பின்னும் தள்ளுகிறது. காயில் கோனைத் தள்ளுகிறது. கோன் காற்றைத் தள்ளுகிறது. அன்று நிலைக்காந்தத்துக்குப் பதில் மின்காந்தம் இருந்தது. மற்றபடி நூறு ஆண்டுகளாக மாறியதெல்லாம் பொருள்களும் செய்நேர்த்தியும்தான்.

முதலில் சூடு. வீட்டு ஸ்பீக்கர் வாங்கிக்கொள்ளும் மின்சாரத்தில் ஒலியாக மாறுவது ஏறக்குறைய 1 சதவீதம். 100 வாட் கொடுத்தால் 99 வாட் சூடாகப் போகிறது. ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் வெறும் 25 வாட். அதைப்போல நான்கின் சூடு, மில்லிமீட்டர் கணக்கிலான இடுக்கில் நிற்கும் மெல்லிய கம்பிச் சுருளுக்குள் இறங்குகிறது. இசையில் ஏற்றமும் தணிவும் மாறி மாறி வருவதால் சராசரி இதைவிடக் குறைவு. அதனால்தான் காயில் பிழைத்துக் கிடக்கிறது. அப்படியும் மேடை ஸ்பீக்கர்களில் காயிலின் வெப்பம் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது உண்டு.

இங்கே செம்பு ஒரு வேலை செய்கிறது. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் அதன் மின்தடை ஏறக்குறைய 0.39 சதவீதம் ஏறும். குளிர்ந்த நிலையில் 6 ஓம் காட்டிய காயில், 200 டிகிரி ஏறியதும் 10.5 ஓமைத் தாண்டிவிடும். ஆம்ப்ளிஃபயர் அதே வோல்டேஜைக் கொடுத்தாலும் பாயும் மின்னோட்டம் முன்பிருந்ததில் பாதிக்குச் சற்று மேல்தான். தவில் அடி எழும்ப வேண்டிய இடத்தில் எழும்பாது; பாட்டு சப்பையாகும். திருவிழாவில் இரவு ஏற ஏற மைக் செட்காரர் வால்யூமைக் கூட்டிக்கொண்டே போவதற்கு இதுவும் ஒரு காரணம். கூட்டினால் இன்னும் சூடு. அந்தப் பாதையின் முடிவில் இருப்பது வார்னிஷ் கருகும் வாடை.

ஆக, காயிலைக் காப்பாற்றச் செய்யும் ஒவ்வொன்றும் பாட்டையும் காப்பாற்றுகிறது. கம்பி சுற்றும் குழல் ஒரு காலத்தில் காகிதம். இப்போது கேப்டான் என்ற பழுப்புப் பொன் நிற பாலிஇமைடு படலம், அல்லது அலுமினியம். அலுமினியம் சூட்டை விரைவாகக் கடத்தும். ஆனால் அது மின்கடத்தி என்பதால் காந்தப்புலத்தில் ஓடும்போது அதற்குள்ளேயே சுழல் மின்னோட்டம் எழுந்து கோனைப் பின்னுக்கு இழுக்கும். எதுவும் இலவசமில்லை. உயர்சுருதி ஒலிக்கான பல ட்வீட்டர்களில் இடுக்கையே ஃபெரோஃப்ளூயிட் என்ற காந்தத் திரவத்தால் நிரப்புகிறார்கள். எடையற்ற வெளியில் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் இழுத்து எஞ்சினுக்குக் கொண்டுவர முடியுமா என்று நாசாவின் ஸ்டீவ் பேப்பெல் 1963இல் உருவாக்கியது அது. இன்று காயிலின் சூட்டைக் காந்த இரும்புக்குக் கடத்தும் வேலை பார்க்கிறது.

அடுத்தது கோன். அதற்கு மூன்று குணம் வேண்டும்: எடை கூடாது, வளையக் கூடாது, தட்டினால் மணிபோல் ஒலிக்கவும் கூடாது. மூன்றும் ஒன்றோடொன்று சண்டைக்காரக் குணங்கள். எளிமையான காகிதம் இந்தச் சமரசத்தை வியக்கத்தக்க அளவு செய்துவைக்கிறது. நல்ல காகிதக் கோனை அட்டையில் வெட்டிச் சுருட்டி ஒட்டுவதில்லை. மரக்கூழை நீரில் கரைத்து, கூம்பு வடிவக் கம்பி வலையின்மேல் ஊற்றி, அடியிலிருந்து நீரை உறிஞ்சுகிறார்கள். இழைகள் தாறுமாறாகப் பின்னி வலைமேல் படிகின்றன. இலவம்பஞ்சு, கம்பளி இழை சேர்ப்பதும் உண்டு. படிந்ததைச் சூடான அச்சில் அழுத்தினால் மெல்லிய, விறைத்த, பளிச்சென்று ஒலிக்கும் கோன். அழுத்தாமல் உலரவிட்டால் தடித்த, அதிர்வை உள்ளுக்குள் அடக்கும் கோன். ஒரே கூழ், இரண்டு குரல்.

காகிதத்தின் குறை, ஒரு தொகுதிபோல இன்னொன்று வராது, ஈரத்தையும் குடிக்கும். ஒரு ஸ்டூடியோவில் கேட்டது இன்னொன்றில் அப்படியே கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்த பிபிசியின் ஆய்வுப் பிரிவு அதனால் பிளாஸ்டிக் பக்கம் போனது. முதலில் பெக்ஸ்ட்ரீன். அதற்கு அதிர்வடக்கும் பூச்சு ஒன்று தேவைப்பட்டது. பிறகு அங்கே பணியாற்றிய டட்லி ஹார்வுட் பாலிபுரோப்பிலீனைப் பிடித்தார். தன் பெயரையும் மனைவி எலிசபெத்தின் பெயரையும் இணைத்து, 1977இல் ஹார்பெத் நிறுவனத்தைத் தொடங்கினார். பாலிபுரோப்பிலீன் ஈரம் குடிக்காது, தானாகவே அதிர்வை அடக்கும். ஆனால் சாதாரணப் பசை எதுவும் அதில் லேசில் ஒட்டாது. 50 மடங்கு முடுக்கத்தில் விட்டுப்போகாத பசையைப் பிடிப்பது, நல்ல பிளாஸ்டிக்கைப் பிடித்ததற்குச் சற்றும் குறையாத தலைவலி.

கிடார் ஸ்பீக்கர்களின் கதை தனி. அங்கே கோன் நெளிய வேண்டும், கரகரக்க வேண்டும். 1964இல் லண்டனில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தன் ஆம்ப்ளிஃபயரின் கோனைச் சவரப் பிளேடால் கீறியே புகழ்பெற்ற ஒலியை வரவழைத்தார். இந்தக் கட்டுரையின் வாதம் அவரிடம் செல்லாது.

கணக்கு உதைக்கும் உறுப்பு என்று சொன்னேனே, அது கோனின் விளிம்பில் இருக்கும் சரவுண்ட். மையத்திலிருந்து கோனில் பரவும் அதிர்வு விளிம்பில் மோதித் திரும்பாமல் அங்கேயே கரைய வேண்டும். பாலியூரித்தேன் நுரை இதற்குக் கச்சிதம்: பஞ்சு எடை, நல்ல உறிஞ்சல். 1970களிலிருந்து எண்ணற்ற ஸ்பீக்கர்களில் அதைப் போட்டார்கள். ஆனால் காற்றின் ஈரம் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல மெல்ல அறுக்கும். பெட்டியைத் திறக்காமலே வைத்திருந்தாலும் 10, 15 ஆண்டுகளில் பிசுபிசுத்து, தொட்டால் உதிரும். கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். ரப்பர் சற்றுக் கனம், ஆனால் பல மடங்கு நாள் வரும். மேடை ஸ்பீக்கர்களில் மடிப்பு மடிப்பான துணிதான். பழைய ஸ்பீக்கர் வாங்குவதானால் காந்தத்தின் எடையைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன் விளிம்பை விரலால் தொட்டுப் பாருங்கள் என்பேன்.

கோனைத் தாங்கும் உறுப்புகள் தளர்ந்துபோகும் சிக்கலை ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் எட்கர் வில்ச்சூர் 1954இல் சுற்றி வந்த வழி எனக்கு மிகப் பிடிக்கும். கோனை மீண்டும் நடுவுக்கு இழுக்கும் வேலையைப் பார்ப்பது சரவுண்டும், காயிலைச் சுற்றியிருக்கும் ஸ்பைடரும். ஸ்பைடர் என்பது பிசினில் தோய்த்துச் சூட்டில் அலை அலையாக அழுத்திய துணி. இழுக்க இழுக்க இவை ஒரே சீராக எதிர்ப்பதில்லை; நாள்பட்டால் தளர்ந்தும் போகும். வில்ச்சூர் இரண்டையும் வேண்டுமென்றே தளர்வாக விட்டார். பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடினார். உள்ளே அடைபட்ட காற்றே வில்லாகி கோனை இழுத்தது. காற்று சீரான வில். அது களைப்பதும் இல்லை. புத்தக அலமாரியில் அடங்கும் பெட்டியிலிருந்து ஆழ்ந்த பாஸ் கேட்கத் தொடங்கியது அங்கிருந்துதான்.

காந்தம் அநேகமாகத் தானாகச் சாகாது. அதை மாற்றியது பெரும்பாலும் சந்தைதான். 1978இல், அன்று சயர் என்றிருந்த காங்கோ ஜனநாயகக் குடியரசின் ஷாபா மாகாணத்தில் போர் மூண்டு கோபால்ட் விலை எகிறியதும், கோபால்ட் கலந்த ஆல்நிகோ காந்தத்தை நம்பியிருந்த நிறுவனங்கள் ஃபெரைட்டுக்கு ஓடின. இப்போதைய நியோடிமியம் கைக்கு அடக்கமானது. ஆனால் அதன் சாதாரண ரகம் 80 டிகிரிக்கு மேல் வலிமை இழக்கத் தொடங்கும். மறுபடியும் காயிலின் சூடு.

எல்லாம் சேர்ந்தபின் மிஞ்சுவது காயிலைச் சரியாக நடுவில் நிறுத்துவது. கோன் மாற்றும் கடைகளில் காயிலுக்கும் நடு இரும்புக்கும் இடையே மெல்லிய பிலிம் துண்டுகளைச் செருகி, பசை காய்ந்ததும் உருவுகிறார்கள். பிறகு பத்து விரலாலும் கோனை மெதுவாக அழுத்தி, உரசல் கேட்கிறதா என்று காதைக் கொடுக்கிறார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டனில் வொல்ஃப்காங் கிளிப்பெல் 1997இல் தொடங்கிய நிறுவனத்தின் கருவிகள் கோனின் ஓட்டத்தை லேசரால் அளந்து, காயில் முன்பின்னாக நடுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று வரைபடமாகக் காட்டும். ஒரு மில்லிமீட்டர் விலகினாலே முன்னோட்டமும் பின்னோட்டமும் சமமில்லாமல் போய் ஒலி திரியும். அதே காயில் உரத்த பாஸில் பின்தட்டில் இடிக்கவும் செய்யும். கனத்த ஊஃபரைத் தரையைப் பார்க்க மாட்டினால் ஸ்பைடர் நாளடைவில் தொங்கி இதே விலகல் வரும். அப்படி ஏற்கெனவே தொங்கியதைக் கழற்றி வானத்தைப் பார்க்கத் திருப்பி மாட்டுவது காசு செலவில்லாத வைத்தியம்.